மஞ்சள் கருவின் இரவல் எதிர்ப்பு: எப்போது காக்கும், எப்போது கைவிடும்

(நாமக்கல்லில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். இடையில் நடந்த உரையாடல்களும் கேள்வி நேரமும் நீக்கப்பட்டுள்ளன.)



நாமக்கல்லில் நின்று முட்டையைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். முட்டை விலை, தீவனச் செலவு, ஓட்டின் தடிமன் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை. முட்டையை ஒரு மருந்தாகப் பார்க்கும் துறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு குடல் கிருமியை முன்னிட்டுக் கோழிக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். கோழி அதற்கு எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, உண்டாக்கி மஞ்சள் கருவில் சேர்த்து வைக்கிறது. அந்த மஞ்சள் கருவைப் பொடியாக்கிக் கன்றுக்கோ பன்றிக்குட்டிக்கோ குழந்தைக்கோ வாய்வழியாகக் கொடுக்கிறார்கள். வயிற்றுப்போக்கைத் தடுக்கலாமா, வந்த பிறகு தீர்க்கலாமா என்று பார்க்கிறார்கள்.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழுகிறது. ஆன்டிபயாடிக்குக்கு மாற்று வந்துவிட்டது என்கிறார்கள் ஒரு சாரார். சோதனைச்சாலையோடு முடிந்துபோகிற சமாச்சாரம் என்கிறார்கள் மறு சாரார். இரு தரப்பும் எதிர்ப்பொருளின் வலிமையை வைத்தே வாதாடுகின்றன. எனக்கு வேறொரு கணக்கு முக்கியமாகப் படுகிறது. கிருமி குடல் சுவரைத் தொடுகிற வேளையில் எதிர்ப்பொருள் அங்கே இருந்ததா? இந்தத் துறையின் வெற்றிகளையும் தோல்விகளையும் ஏறத்தாழ முழுதாக இந்த ஒரு கேள்வியால் விளக்கிவிடலாம் என்பது என் வாதம். அதைச் சில குறிப்புகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. கோழி ஏன் முட்டையில் எதிர்ப்பொருளை வைக்கிறது

பண்ணையாளர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். குஞ்சுகளுக்குக் கம்போரோ நோய்த் தடுப்பு மருந்தை எந்த நாளில் கொடுப்பது என்று ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறோம்? தாய்க்கோழியிடமிருந்து வந்த எதிர்ப்பு குஞ்சின் இரத்தத்தில் நிறைய இருந்தால், நாம் கொடுக்கும் தடுப்பு மருந்தையே அது முடக்கிவிடும். ராணிக்கெட் நோய்க்கும் இதே தொல்லைதான். தாய்வழி எதிர்ப்பு எப்போது வடியும் என்று பார்த்து நாள் குறிக்கிறோம். அந்தத் தொல்லைதான் நான் பேச வந்த துறைக்கு முதலீடு.

பசு, கன்று ஈன்ற பிறகும் சீம்பாலில் எதிர்ப்பொருளைக் கொடுக்கலாம். கோழிக்கு அந்த வசதி இல்லை. குஞ்சுக்குத் தர வேண்டிய எல்லாவற்றையும் ஓடு மூடுவதற்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். அதனால் கோழியின் இரத்தத்திலிருக்கும் ஐஜிஒய் என்ற எதிர்ப்பொருள், வளர்ந்துகொண்டிருக்கும் கருமுட்டையின் மேலுள்ள ஏற்பிகள் வழியாக மஞ்சள் கருவுக்குள் போகிறது. முட்டையிடுவதற்கு முந்தைய ஏழு முதல் பத்து நாட்களில் மஞ்சள் கரு வேகமாகப் பருக்கும்போது இது நடக்கிறது. வெள்ளைக் கருவில் வேறு இரண்டு வகை எதிர்ப்பொருள்கள் சிறிதளவில் உண்டு. அவை நம் கணக்கில் வராது.

கோழிக்கு நெஞ்சுத் தசையில் இரண்டு மூன்று முறை ஊசி போட்டால், சில வாரங்களில் எதிர்ப்பொருள் உச்சத்துக்கு வரும். இரத்தத்தில் ஏறியது மஞ்சள் கருவில் தெரிய மேலும் ஐந்தாறு நாட்கள் ஆகும். ஒரு மஞ்சள் கருவில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் ஐஜிஒய் கிடைக்கும். ஆண்டுக்கு 280 முட்டை இடும் கோழி, ஆண்டுக்கு 28 கிராம் தரும். முயலின் இரத்தத்தை எடுத்து எதிர்ப்பொருள் தயாரிக்கும் ஆய்வகங்கள் இந்த அளவைக் கண்டு வியப்பதில் ஆச்சரியமில்லை. கோழியைக் குத்தி இரத்தம் எடுக்கவும் வேண்டாம்; முட்டையைப் பொறுக்கினால் போதும். 1996இல் ஐரோப்பிய ஆணையத்தின் மாற்றுமுறைச் சோதனை மையம் கூட்டிய வல்லுநர் குழு, முடிந்த இடங்களிலெல்லாம் பாலூட்டிகளுக்குப் பதில் கோழி முட்டையைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது விலங்கு நலனையும் மனதில் வைத்துத்தான்.

ஆனால் அந்த 28 கிராமும் நமக்கு வேண்டிய எதிர்ப்பொருள் கிடையாது. கோழி தன் வாழ்நாளில் சந்தித்த எல்லாக் கிருமிகளுக்கும், போட்டுக்கொண்ட எல்லாத் தடுப்பூசிகளுக்கும் எதிரானவை அதில் கலந்திருக்கும். நாம் குறிவைத்த கிருமிக்கு எதிரானது பொதுவாக 2 முதல் 10 விழுக்காடுதான். விளம்பரத்தில் மொத்த அளவைத்தான் போடுவார்கள். நோயாளிக்குத் தேவை இந்தச் சிறு பங்கு.

2. ஒரு பழைய கண்டுபிடிப்பு

இது புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். 1890இல் பேரிங்கும் கிதசாதோவும் இரணஜன்னி நச்சுக்கு எதிரான சக்தி இரத்த நீரில் இருப்பதைக் காட்டினார்கள். 1892இல் பால் எர்லிக், தாய் எலியின் பால் வழியாக அந்தக் காப்பு குட்டிகளுக்குப் போவதைக் காட்டினார். அடுத்த ஆண்டே, 1893இல், பெலிக்ஸ் கிளெம்பரர் என்ற ஜெர்மானிய மருத்துவர், இரணஜன்னி நச்சுக்கு எதிராகப் பழக்கிய கோழியின் மஞ்சள் கரு எலிகளைக் காப்பாற்றுவதைப் பதிவு செய்தார். பாலும் முட்டையும் ஓராண்டு இடைவெளியில் வந்தவை.

பால் குழந்தை மருத்துவத்தின் மையத்துக்கு வந்துவிட்டது. முட்டை ஏறத்தாழ 90 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. குதிரையிலிருந்து ஒரே தடவையில் லிட்டர் கணக்கில் இரத்த நீர் எடுக்க முடிந்த காலத்தில் முட்டையை உடைத்துக்கொண்டிருக்க யாருக்கும் தோன்றவில்லை. பிறகு ஆன்டிபயாடிக் வந்தது; இரத்த நீர் மருத்துவமே பின்னுக்குப் போனது. 1980இல் தென்னாப்பிரிக்காவில் போல்சன் குழுவினர் மஞ்சள் கருவின் கொழுப்பைப் பிரித்து எதிர்ப்பொருளை எளிதாக எடுக்கும் முறையை வெளியிட்டனர். அதே ஆண்டில், ரோட்டா வைரஸ் தாக்கவிருந்த எலிகளுக்கு மஞ்சள் கரு எதிர்ப்பொருளை ஊட்டிக் காப்பாற்றியதாக அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. குடல் தொற்றுக்கான இன்றைய ஆய்வுகளின் தொடக்கம் என்று அந்த ஆண்டைச் சொல்லலாம்.

3. இந்த எதிர்ப்பொருளுக்குத் தெரியாத வேலைகள்

ஐஜிஒய் நம் உடலின் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளைவிடச் சற்றுப் பெரியது. எடை ஏறத்தாழ 180 கிலோடால்டன். பாலூட்டிகளின் எதிர்ப்பொருள் ஒரு கிருமியைப் பிடித்ததும் உடலின் மற்றப் படைகளைக் கூப்பிடும். காம்ப்ளிமென்ட் புரதங்களைத் தூண்டும்; வெள்ளணுக்களின் ஏற்பிகளில் போய் ஒட்டும். கோழியின் எதிர்ப்பொருள் நம் உடலில் இவை எதையும் செய்வதில்லை. நம் படைகளுக்கும் அதற்கும் மொழி வேறு.

குறையாகத் தோன்றும் இது குடலில் வசதியாகிறது. அழற்சியைக் கிளப்பாமல், கிருமியோடு மட்டும் மல்லுக்கட்டும். கிருமியின் மேல் ஒட்டி, குடல் சுவரில் அது பிடிமானம் கொள்வதைத் தடுக்கும், கிருமிகளைக் கொத்துக்கொத்தாகச் சேர்த்துவிடும், நச்சை முடக்கும். அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். குடலின் உட்குழாய் வாயிலிருந்து ஆசனவாய் வரை ஒரு வகையில் உடலுக்கு வெளியேதான் இருக்கிறது. அந்த வெளியில் வேலை செய்ய ஒரு பொருள் இரத்தத்தில் கலக்க வேண்டியதில்லை.

ஊசியாகப் போடுவது முற்றிலும் வேறு கதை. கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியில் நம் நாட்டுப் பாம்பு நஞ்சுகளுக்கு எதிராகக் கோழி முட்டையில் எதிர்ப்பொருள் தயாரித்துச் சோதித்தார்கள். நல்ல வேலை. ஆனால் இரத்தத்துக்குள் செலுத்தும்போது கோழிப் புரதம் அந்நியப் புரதம். ஒவ்வாமை கேள்வி வரும், தூய்மை பன்மடங்கு வேண்டும். வாய்வழிப் பயன்பாட்டுக்கு அந்தச் சுமை குறைவு. முட்டை ஒவ்வாத குழந்தைக்கு மட்டும் இங்கும் தடைதான்.

கிருமியைக் கொல்லும் வேலையும் இதற்குத் தெரியாது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே குடல் சுவரின் செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸை இது எட்டவே எட்டாது. ஒட்டி முடித்து நச்சைக் கக்கிவிட்ட ஈ.கோலி பாக்டீரியாவிடமிருந்து, கக்கிய நச்சைத் திரும்ப வாங்க இயலாது. என் வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

4. இரைப்பை என்ற சுங்கச்சாவடி

வாய்வழியாகக் கொடுத்த எதிர்ப்பொருள் சிறுகுடலுக்குப் போவதற்குள் இரைப்பையைக் கடந்தாக வேண்டும். அமிலத்தன்மை பி.எச். 4க்கு மேலிருந்தால் ஐஜிஒய் தாக்குப்பிடிக்கும். 3க்குக் கீழே இறங்கினால் வேகமாகச் சிதையும். பெப்சின் அதை வெட்டித்தள்ளும். சிறுகுடலின் டிரிப்சினுக்கு அது அவ்வளவு எளிதில் இரையாவதில்லை. ஆக, ஆபத்தான தூரம் இரைப்பை மட்டும்தான்.

பிறந்த கன்றுக்கும் பன்றிக்குட்டிக்கும் பச்சிளங் குழந்தைக்கும் இரைப்பை அமிலம் கடுமையாக இருக்காது. பால் அதை மேலும் தணிக்கும். தாய்ப்பாலின் ஐஜிஏ எதிர்ப்பொருள் குழந்தையின் குடல் வரை போய்ச் சேருவதற்கு இதுவும் ஒரு காரணம். வளர்ந்த விலங்கிலும் மனிதனிலும் நிலைமை மாறிவிடும். அதனால்தான் எதிர்ப்பொருளைக் கைட்டோசான், ஆல்ஜினேட் போன்றவற்றால் நுண்ணுறையிட்டு இரைப்பையைத் தாண்டி விடுவிக்கும் ஆய்வுகள் நடந்தன. சோதனைக் குழாயில் நன்றாக வருகிறது. பண்ணைத் தீவனத்தில் கலக்கும் விலைக்கு வருமா என்பது வேறு கணக்கு.

வெப்பமும் ஒரு தடை. 60, 65 டிகிரி வரை ஐஜிஒய் தாங்கும். 70ஐத் தாண்டினால் செயலிழக்கும். அவித்த முட்டையில் நல்ல புரதம் கிடைக்கும். வேலை செய்யும் எதிர்ப்பொருள் கிடைக்காது. தீவனத்தைச் சூடேற்றி அழுத்தி உருண்டையாக்கும் ஆலைகளில் இந்தப் பொடியைக் கலப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

“அப்படியானால் பச்சை முட்டை குடிக்கலாமா?” என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். வேண்டாம். கடையில் வாங்கும் முட்டையில் இருப்பது அந்தக் கோழிக்குப் போட்ட தடுப்பூசிகளின் எதிர்ப்பொருள். ராணிக்கெட் கோழியின் நோய்; அதற்கான எதிர்ப்பொருளால் உங்கள் வயிற்றுக்கு ஆவது ஒன்றுமில்லை. பச்சை முட்டையில் சால்மொனெல்லா இருக்கும் வாய்ப்பு மட்டும் மிச்சம். மருந்தாகத் தயாரிக்கும்போது கண்காணிப்பில் வைத்த கோழிகளின் முட்டையை எடுத்து, குறைந்த வெப்பத்தில் பதப்படுத்தி, தெளித்தோ உறையவைத்தோ உலர்த்திப் பொடியாக்குகிறார்கள்.

5. முன்கூட்டிக் கொடுத்தபோது

இந்தப் பகுதியில் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன். சான்றுகள் இங்கேதான் செறிவாக இருக்கின்றன.

பன்றிக்குட்டியிலிருந்து தொடங்குவோம். பன்றியின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்பொருள் குட்டிக்குப் போகாது. கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அப்படித்தான். பிறந்த ஒரு நாளுக்குள் சீம்பால் குடித்தால் முழு எதிர்ப்பொருளும் குடல் வழியே இரத்தத்துக்குள் நுழையும். அதன் பிறகு அந்த வாசல் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பின் குடிக்கும் பாலிலுள்ள எதிர்ப்பொருள் குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும். பாலில் அது குறையக் குறைய வேலையும் குறையும்.

நச்சு உமிழும் ஈ.கோலி, குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள மேற்பரப்பில் நுண்ணிழைகள் வைத்திருக்கிறது. பன்றிக்குட்டியில் கே88, கே99, 987பி என்ற மூன்று வகை முக்கியம். 1992இல் யொக்கொயாமா முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்த இழைகளைத் தனித்தனியே கோழிக்கு ஏற்றி, கிடைத்த மஞ்சள் கருப் பொடியைப் பிறந்த குட்டிகளுக்கு ஊட்டினார்கள். அளவு கூடக் கூடக் காப்பும் கூடியது. அதே ஆண்டில் பிறந்த கன்றுகளில் கே99க்கு எதிராகச் செய்த சோதனையிலும் மரணத்தைத் தடுக்க முடிந்தது.

இவை எல்லாம் நேரக்கணக்கு சரியாக அமைந்த சோதனைகள். கே99 ஒட்டிக்கொள்ளும் இடங்கள் பிறந்த சில நாட்களுக்குப் பின் கன்றின் குடலில் அருகிவிடுகின்றன. ஆபத்துக் காலமே சில நாட்கள்தான். அந்த நாட்களை மட்டும் இரவல் எதிர்ப்பொருளால் நிரப்பினால் போதும். அதன்பின் கன்று தானே தப்பிவிடும்.

ரோட்டா வைரஸில் ஆபத்துக் காலம் இன்னும் கொஞ்சம் நீளம். கன்றுக்கு முதல் இரண்டு மூன்று வாரங்கள். அர்ஜென்டினாவின் தேசிய வேளாண் தொழில்நுட்ப நிறுவனமான இன்டாவில், பிறந்த முதல் 14 நாட்களும் பாலில் ரோட்டா எதிர்ப்பு மஞ்சள் கருவைக் கலந்து கொடுத்தார்கள். கன்றுகளுக்கு வைரஸை வேண்டுமென்றே கொடுத்தும் பெரும்பாலானவை கழிச்சலிலிருந்து தப்பின. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு: இரவல் காப்பு இருந்தபோதும் கன்றுகள் தங்கள் சொந்த எதிர்ப்பையும் உண்டாக்கிக்கொண்டன. கம்போரோ மருந்தைத் தாய்வழி எதிர்ப்பு முடக்குவதைப் பார்த்த நமக்கு, குடலுக்குள் நிற்கும் எதிர்ப்பு அப்படித் தொல்லை தராதிருக்க முடியும் என்பது நல்ல செய்தி. அந்த நாட்டில் இந்த வழியில் வந்த பொருள் கன்றுக் கழிச்சலுக்காகச் சந்தைக்கும் வந்துவிட்டது.

இனி மனிதர். இங்கே முட்டையை விட்டுச் சற்று விலகிப் பசும்பாலுக்குப் போகிறேன், தத்துவம் ஒன்றே. 1988இல் அமெரிக்காவில் டாக்கெட் குழுவினர், நச்சு உமிழும் ஈ.கோலிக்கு எதிராகத் தடுப்பூசி போட்ட பசுக்களின் பாலிலிருந்து எதிர்ப்பொருளைச் செறிவாக்கி, தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். கூடவே கிருமியையும் குடிக்கவைத்தார்கள். எதிர்ப்பொருள் குடித்த 10 பேரில் ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை. குடிக்காத 10 பேரில் 9 பேருக்கு வந்தது. மருத்துவ ஆய்வில் இத்தனை சுத்தமான விடை அபூர்வம்.

எல்லாம் இப்படிச் சுமுகமாகப் போகவில்லை. பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சில ஆய்வுகளில் நல்ல பலன். கனடாவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில் கே88 எதிர்ப்பு மஞ்சள் கரு பலன் தரவில்லை. ஏன்? மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. ஒன்று, தீவனம் தின்னத் தொடங்கிய குட்டியின் இரைப்பை அமிலம் வலுத்திருக்கும். இரண்டு, சில பன்றிகளின் குடலில் கே88 ஒட்டும் ஏற்பியே பிறப்பிலிருந்து கிடையாது. அவற்றைச் சோதனையில் கலந்துவிட்டால் இரு குழுவிலும் நோய் குறைந்து வேறுபாடு மங்கிவிடும். மூன்று, பால்குடி மறக்கும் பருவத்தில் எஃப்18 என்ற இன்னொரு இழைவகையும் தலைகாட்டும். அதன் ஏற்பி பிறந்த குட்டியில் இருக்காது, மூன்று வாரங்களில்தான் தோன்றும். கே88க்கு எதிரான முட்டைக்கு எஃப்18 யாரென்றே தெரியாது. ஐந்தாம் நாளுக்குத் தைத்த சட்டையை ஐந்தாம் வாரத்தில் போட்டுப் பார்த்தால் பொருந்தாது.

6. நோய் வந்த பிறகு கொடுத்தபோது

2001இல் வெளியான டாக்கா ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். முழுதாகப் படித்தவர்கள் குறைவு. வங்கதேசத்தின் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தில் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கோடு வந்த 79 குழந்தைகளைச் சார்க்கரும் உடனிருந்தோரும் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு ரோட்டா எதிர்ப்பு மஞ்சள் கரு, நாளுக்கு 10 கிராம், நான்கு வேளையாக, நான்கு நாட்கள். மறு பாதிக்குச் சாதாரணப் பொருள். எல்லோருக்கும் வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசலும் உண்டு. முதல் நாளில் மலத்தின் அளவு குறைந்தது; கரைசல் தேவையும் குறைந்தது. நான்காம் நாளில் வைரஸ் மலத்திலிருந்து மறைந்த குழந்தைகள் எதிர்ப்பொருள் பெற்ற குழுவில் 73 விழுக்காடு, மற்றதில் 46. ஆனால் வயிற்றுப்போக்கு நீடித்த காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவர்களே இதை மிதமான முன்னேற்றம் என்றுதான் எழுதினார்கள்.

வைரஸை முந்தியே வெளியேற்றியும் நோய்க்காலம் ஏன் சுருங்கவில்லை? குழந்தை மருத்துவமனைக்கு வரும்போது வைரஸ் குடல் சுவரின் செல்களைச் சிதைத்து முடித்திருக்கும். புதுச் செல்கள் வளர்ந்து மேலே வரும்வரை நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். வைரஸ் போனாலும் சிதைவு உடனே ஆறாது.

மியான்மரில் நடந்து 2012இல் வெளியான மற்றொரு ஆய்வு இதைவிட நம்பிக்கையானது: கரைசல் தேவையும் நோய்க்காலமும் இரண்டுமே குறைந்தன. சிறிய ஆய்வு. அதை வைத்து உற்சாகப்படலாம். முடிவு கட்டக் கூடாது.

முந்தைய குறிப்பில் சொன்ன பசும்பாலை நினைத்துக்கொள்ளுங்கள். 2000இல் காஸ்வால் குழுவினர் ஈ.கோலி வயிற்றுப்போக்கு வந்துவிட்ட வங்கதேசக் குழந்தைகளுக்கு அதே வகைப் பால் எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. முன்கூட்டிக் கொடுத்தபோது பத்துக்குப் பத்து. பின்னால் கொடுத்தபோது ஒன்றுமில்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான், வலிமையைவிட நேரமே பெரிது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

இதற்கு விலக்காகத் தோன்றும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களின் பெருங்குடலில் தலைதூக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா. 1998இல் கிங்க், வில்லியம்ஸ் இருவரும் அதன் ஏ, பி என்ற இரு நச்சுகளுக்கும் எதிரான கோழி எதிர்ப்பொருளை வாய்வழியாகக் கொடுத்து, நோய் தொடங்கிய ஹாம்ஸ்டர்களைக் காப்பாற்றினார்கள். நோய் திரும்பி வருவதையும் தடுத்தார்கள். இங்கே நச்சு ஒரே நாளில் கக்கி முடிவதில்லை. பாக்டீரியா நாள்தோறும் நச்சு உற்பத்தி செய்கிறது. அப்படியானால் ஒவ்வொரு நாளும் அடுத்த நாளின் நச்சுக்கு முன்கூட்டிக் கொடுப்பதாகிறது. விலக்கு என்று நினைத்தது விதிக்குள்ளேயே வந்து சேர்கிறது.

ஜப்பானில், இரைப்பையில் தங்கும் ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் யூரியேஸ் நொதிக்கு எதிரான முட்டையைத் தயிரில் கலந்து விற்கிறார்கள். மூச்சுச் சோதனையில் கிருமியின் செயல்பாடு குறைவது தெரிந்தது. கிருமி ஒழியவில்லை. ஒழிக்கும் என்று நினைத்துக் குடிப்பவர்கள் ஏமாறுவார்கள்.

7. இதற்கு உரிய இடம்

குழந்தைகளின் ரோட்டா வைரஸுக்கு முட்டை எதிர்ப்பொருளைக் கொண்டுபோய் முதல் வரிசையில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே தடுப்பூசி இருக்கிறது. 116ஈ என்ற இந்திய வைரஸ் வகையிலிருந்து வந்த ரோட்டாவாக், டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்டது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் 56 விழுக்காடு குறைத்தது. 2016இல் தேசியத் திட்டத்தில் ரோட்டா தடுப்பூசி சேர்ந்தது. தடுப்பூசி கற்றுக்கொடுக்கிறது, உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. இரவல் எதிர்ப்பொருளுக்கு நினைவு இல்லை. கொடுப்பதை நிறுத்திய மறுநாள் அது உணவோடு போய்விடும்.

அது பொருந்தும் இடங்கள் குறுகியவை, ஆனால் முக்கியமானவை. ஆபத்துக் காலம் சிறிதாக, தொடங்கும் நாள் தெரிந்ததாக, கிருமி இன்னதென்று அறிந்ததாக இருக்க வேண்டும். பிறந்த கன்று, பன்றிக்குட்டி. சீம்பால் கிடைக்காத தாயற்ற குட்டி. வார்டில் ஒரு குழந்தைக்கு ரோட்டா வந்துவிட்டால் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் குறைமாதக் குழந்தை. குழந்தைகளுக்குப் பரவலாகப் போடும் தடுப்பூசி இன்னும் இல்லாத ஈ.கோலி வகைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கால்நடைகளில் நெருக்கடி வேறு திசையிலிருந்தும் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 2006இல் முழுதாக நிறுத்தியது. பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்கு மருந்தளவில் கொடுத்துவந்த துத்தநாக ஆக்சைடுக்கு 2022இல் தடை வந்தது. இந்தியா 2019இல் கோலிஸ்டினை உணவு விலங்குகளில் தடைசெய்தது. கைப்பிடித்து நடந்த ஊன்றுகோல்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. இந்த நேரத்தில் முட்டைப் பொடியை விற்பவர்கள் நிறைய வருவார்கள். சிலர் ஏற்கெனவே வந்திருக்கிறார்கள். பையின் மேல் “ஐஜிஒய் செறிந்தது” என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். எந்தக் கிருமிக்கு, எந்த இழைவகைக்கு எதிரானது, இந்தத் தொகுதியில் அதன் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு கோழிக்கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்கு அந்த அளவு மாறும்.

நாமக்கல்லில் இதைச் சோதிக்க எல்லாம் இருக்கிறது: கோழி, கால்நடை மருத்துவக் கல்லூரி, சுற்றுப்புற ஊர்களில் கறவை மாடு, ஆடு. செய்வதானால் முதலில் நம் கன்றுகளின் கழிச்சலில் எந்தக் கிருமி எந்த வயதில் வருகிறது என்று மலத்தைச் சோதித்துப் பட்டியல் எடுக்க வேண்டும். அர்ஜென்டினாவின் பட்டியலை இங்கே ஒட்ட வைக்க முடியாது. பிறகு அந்தக் கிருமிக்குக் கோழியைப் பழக்கி, சீம்பால் முடிந்த நாளிலிருந்து ஆபத்துக் காலம் தீரும்வரை தினமும் பாலில் கொடுக்க வேண்டும். கழிச்சல் தொடங்கிய கன்றுகளைச் சோதனையில் சேர்த்து முடிவைக் குழப்ப வேண்டாம். அவற்றுக்குக் கரைசல் கொடுத்துக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

இன்னொன்று, மாணவர்களுக்கு. ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் பால் கொடுத்துவிட்டு முடிவு எழுதாதீர்கள். மஞ்சள் கரு என்பதே நல்ல ஆகாரம். கொழுப்பும் புரதமும் வைட்டமினும் சேர்ந்து எந்தக் கன்றையும் கொஞ்சம் தேற்றிவிடும். எதிர்ப்பொருள்தான் காத்தது என்று காட்ட வேண்டுமானால், ஒப்பீட்டுக் குழுக் கன்றுகளுக்கும் அதே அளவு மஞ்சள் கருப் பொடி, அதே பண்ணையில், அதே தீவனம் தின்ற, அந்தத் தடுப்பூசி மட்டும் போடாத கோழிகளின் முட்டையிலிருந்து போக வேண்டும். எந்தப் பை எந்தக் கன்றுக்கு என்பது பால் ஊட்டுகிறவருக்கும் கழிச்சலை எண்ணுகிறவருக்கும் தெரியக் கூடாது.